ஒன்பது அங்குலம்

ஆறாம் வாய்க்கால் இளைஞர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக நான்கு வருடத்தில் நூற்றுப் பதினேழு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரேயொரு கடிதத்தைத்தான் பிழையென்று நானே சொல்லி, திருத்தி இன்னொன்று எழுத வேண்டி வந்தது. அது கிருசாந்தனைப் பற்றிய கடிதம்.

ஓகஸ்ட் விடுமுறையில் கிளிநொச்சியில் இளையோர் கூடைப்பந்து லீக் நடக்கும். நாலு அணிகள். வெல்கிற அணிக்கு ஒரு கிண்ணம் உண்டு. ஆனால் கிண்ணத்தை நினைத்து அங்கே யாரும் வருவதில்லை. எல்லா ஆட்டத்தையும் தெரிவாளர் ஒருவர் இருந்து பார்ப்பார். கடைசி நாள் மாலை பன்னிரண்டு பெயர் வாசிப்பார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் யாழ்ப்பாணத்தில் தங்குமிடத்தோடு ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு மாகாண இளையோர் அணி.

எங்கள் கழகம் அந்த லீக்குக்குப் போனது இந்த வருடம்தான் முதல் தடவை. விண்ணப்பத்தோடு சிறந்த வீரர் ஒருவரைப் பற்றிச் செயலாளர் கடிதம் எழுத வேண்டும் என்றிருந்தது. நான் எழுதினேன்:

"மேற்படி யோ. கிருசாந்தன், வயது பத்தொன்பது, உயரம் ஐந்து அடி பதினொரு அங்குலம். ஐந்து நாட்களில், நாளொன்றுக்கு ஐம்பதாக எறிந்த இருநூற்று ஐம்பது பிரீ த்ரோக்களில் இருநூற்று மூன்றை வளையத்தினுள் போட்டவர். ஓடிவந்து எம்பினால் ஒரு கையால் வளையத்தைத் தொடுவார். இவற்றை நானே நேரில் நின்று எண்ணினேன்."

எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. அதை இப்போதும் சொல்வேன்.

கிருசாந்தன் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கிற யோகலிங்கம் அண்ணையின் ஒரே மகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தான். அவனுடைய தாய்மாமன் வவுனியாவில் வாகன ரயர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஆள் தேவையென்று சித்திரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் தகப்பனின் கையெழுத்து வாங்கப் போனபோது யோகலிங்கம் அண்ணை பேனையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பிள்ளை சுதாஜினி, லீக் முடியுமட்டும் பாக்கிறன். பேர் வந்தா யாழ்ப்பாணம் போகட்டும். வராட்டித் திங்கட்கிழமை காலமை பஸ்ஸில வவுனியா. பிறகு நீ வந்து எனக்கு ஒரு கடிதமும் வாசிக்கக் கூடாது."

"வரும் அண்ணை," என்றேன். இருநூற்று மூன்று என் கையில் இருந்தது.

எங்கள் ஊரில் கூடைப்பந்துத் திடல் கிடையாது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் சீமெந்துத் தளம் ஒன்று இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயும். மற்ற நாட்களில் சும்மா கிடக்கும். நான் அந்தச் சங்கத்தில்தான் எழுதுவினைஞராக இருக்கிறேன். போன வருடம் தளத்தில் விளையாட அனுமதி கேட்டு, எங்கள் முகாமையாளருக்கு நானே கடிதம் எழுதி, நானே பதிவு செய்து, நானே அவர் மேசையில் வைத்தேன். தளத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. ஆகவே கம்பத்தைத் தளத்துக்கு வெளியே மண்ணில் நட்டோம். கம்பத்திலிருந்து இரும்புக் கை ஒன்று தளத்துக்கு மேலே நீளும். அதன் நுனியில் பலகையும் வளையமும்.

நட்டது மேசன் பரமலிங்கம் அண்ணை. அளந்தது நான். அளவு நாடாவின் நுனியைக் கம்பத்தடியில் அவர் காலால் மிதித்துக்கொண்டார். நான் ஏணியில் ஏறிப் பத்து அடியில் சோக்கால் கோடு போட்டேன். கோட்டின் மட்டத்துக்கு வளையம் வருமாறு பூட்டினார். சட்டப் புத்தகத்தில் சொல்லப்பட்ட உயரம் பத்து அடி. திகதியும் நேரமும் போட்டு அதையும் எழுதி வைத்தேன்.

லீக் வியாழக்கிழமை தொடங்கியது. எங்களுக்கு முதல் ஆட்டம் வவுனியா அணியோடு.

சோழகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்த காலை நேரம். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போது கிருசாந்தன் வழக்கம்போல ஓடிவந்து எம்பினான். அவன் கை வளையத்துக்குக் கீழே காற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. வவுனியாப் பெடியன் ஒருவன் கை தட்டினான்.

"என்ன அண்ணை, நுளம்பு பிடிக்கிறியளோ?"

கிருசாந்தன் சிரித்தான். திரும்பப் போய், இன்னும் தூரத்திலிருந்து ஓடிவந்து எம்பினான். அப்போதும் எட்டவில்லை. மூன்றாம் தரம் அவன் எம்பவில்லை.

எங்கள் அணியில் ஸ்ரனிஸ்லஸ் என்றொருவன் இருக்கிறான். முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்கிற குடும்பம். இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறான். வாய் சும்மா இருக்காது. அவன் என்னிடம் ஓடிவந்தான்.

"சுதாக்கா, இந்த வளையம் வானத்தில கிடக்கு."

"பத்து அடிதான். எங்கட மாதிரித்தான்."

"எங்கட வளையம் எனக்குக் கிட்ட இருக்கும். இது என்னோட கோவம் போல இருக்கு."

"சாட்டுச் சொல்லாமல் போய் விளையாடு. எங்கட வளையத்தை அளந்தது நான்."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான் ஆட்டத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன். எறிந்த பந்து, விழுந்த பந்து, விழாதது எங்கே பட்டது என்று மூன்று நிரல். கிருசாந்தன் பதினாறு எறிந்தான். இரண்டு விழுந்தன. கோட்டில் தனியே நின்று, யாரும் தடுக்காமல் எறிகிற பிரீ த்ரோ நாலில் ஒன்றும் விழவில்லை. அது வேறு கணக்கு. ஒவ்வொரு பந்தும் கையை விட்டு அழகாகத்தான் போனது. அநேகமாக எல்லாமே போய் வளையத்தின் முன் விளிம்பில் 'டங்' என்று இடித்துவிட்டுத் திரும்பின. விழாத ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அவன் தலைதெறிக்க ஓடிவந்து தன் பொறுப்பிலிருந்த எதிரணி ஆளைத் தடுக்க நின்றான். அதற்கு என் புத்தகத்தில் நிரல் இல்லை. நான் எழுதவில்லை.

நாற்பத்தெட்டுக்கு இருபத்தொன்பது. தோற்றோம்.

தெரிவாளரை எல்லோரும் சிவனேஸ்வரி மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, காலில் வெளிறிப்போன சப்பாத்து, கையில் என்னுடையதைவிடத் தடித்த குறிப்புப் புத்தகம். ஆட்டம் முடிய என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஆறாம் வாய்க்கால் செயலாளர் நீங்களோ?"

"ஓம் மிஸ்."

"இருநூற்றி மூண்டு எண்டு எழுதினது நீங்களோ?"

"ஓம் மிஸ். நான் நிண்டு எண்ணினனான்."

"வளையத்தைத் தொடுவார் எண்டதும்?"

"ஓம்."

அவர் தன் புத்தகத்தை மூடினார். "வடிவான கையெழுத்து," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருசாந்தன் எனக்கு முன் இருக்கையில் யன்னலில் தலையைச் சாய்த்திருந்தான். பரந்தன் தாண்டியபின் திரும்பாமலே சொன்னான்:

"அக்கா, நான் பயந்துபோனன் போல."

"எதுக்குப் பயம்?"

"தெரியேல்லை. பந்து கையை விட்டுப் போகேக்க சரியாத்தான் கிடக்கு. ஆனா போய்ச் சேருதில்லை. ஊருக்குள்ளதான் நான் ஆள் போல. நாலு சனத்துக்கு முன்னால நிண்டா கை ஏலாது." பிறகு, "சனிக்கிழமை நான் வரேல்லை. மாமாவுக்குச் சொல்லிவிடச் சொல்லி அப்பாட்டைச் சொல்லப் போறன்," என்றான்.

பயந்தவன் எப்படி எறிவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று எழுதிய பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். விழாத பதினாலில் பன்னிரண்டுக்கு நேரே 'முன் விளிம்பு' என்றிருந்தது. ஸ்ரனிஸ்லஸின் பக்கத்திலும் அதேதான். மற்ற மூன்று பேரின் பக்கத்திலும் அதேதான். பயம் என்றால் ஒன்று வலப்பக்கம் போகும், ஒன்று பலகைக்கு மேலால் போகும். ஐந்து பேரும் ஒரே இடத்தில் இடிக்கும்படி ஒரு பயம் உண்டா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இல்லை. நான் வேலைக்குப் போனேன். சிறுபோக அறுவடை நேரம். தளம் முழுவதும் யோகலிங்கம் அண்ணையின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வெறுங்காலால் நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டு அவர் அங்குமிங்கும் நடந்தார். பரமலிங்கம் அண்ணை கம்பத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு அவரோடு கதை கொடுத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒரே உயரம். அது எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் காவ ஒரு பக்கத்துக்கு எப்போதும் அவர்கள் இரண்டு பேரையும்தான் விடுவார்கள்.

ஆனால் யன்னலால் பார்த்தபோது யோகலிங்கம் அண்ணையின் தாடை பரமலிங்கம் அண்ணையின் தலைக்கு மேலே இருந்தது.

பிறகு அவர் ஒரு வெற்றிலைக்குக் கை நீட்டிக்கொண்டு தளத்தை விட்டு இறங்கினார். ஒரு காலை ஊன்றி மற்றக் காலை இறக்கி, படியில் இறங்குகிற மாதிரி இறங்கினார். இப்போது இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் வந்தன.

நான் பேனையை மூடாமல் எழும்பினேன்.

மேசை லாச்சியை இழுத்து அளவு நாடாவை எடுத்தேன். ஏணியை இழுத்து வந்து தளத்தில், நெல்லின் மேல் வைத்தேன்.

"பிள்ளை, நெல்லு நெல்லு!" என்று யோகலிங்கம் அண்ணை கத்தினார்.

"பொறுங்கோ அண்ணை. பரமலிங்கம் அண்ணை, இந்த நுனியைக் கொஞ்சம் பிடியுங்கோ. அங்கை இல்லை. மேல ஏறி வாங்கோ. வளையத்துக்கு நேர கீழ, சீமெந்தில வையுங்கோ."

வளையத்தில் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். ஒன்பது அடி மூன்று அங்குலம்.

மழைத் தண்ணீர் ஏறாமலிருக்கத் தளத்தை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வடியட்டும் என்று நடுப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள். பத்து வருடமாக அந்தத் தளத்தில் ஏறி இறங்குகிறேன். பத்து அடியை நான் கம்பத்தடி மண்ணிலிருந்து அளந்தேன். பெடியள் நின்று எறிந்ததோ சீமெந்தில்.

"முக்கால் அடி குறையுது. வளையம் பதிவு," என்றார் பரமலிங்கம் அண்ணை. உடனே, "நான் மிதிச்சுக்கொண்டு நிண்டது நீ சொன்ன இடத்தில பிள்ளை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஓம் அண்ணை. நான் சொன்ன இடத்திலதான்."

நான் நேரே கிருசாந்தன் வீட்டுக்கு நடந்தேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எழும்பி வா. ஒண்டு காட்டவேணும்."

"எனக்கு ஏலாது அக்கா. பந்தைப் பற்றி ஒண்டும் கதையாதேங்கோ."

"பந்தைப் பற்றி இல்லை. வளையத்தைப் பற்றி."

வேண்டாவெறுப்பாக வந்தான். கம்பத்தடியில் அவனை நிற்கவைத்து மேலே பார்க்கச் சொன்னேன். பிறகு தளத்தில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஏறினான். பார்த்தான். இறங்கினான். திரும்ப ஏறினான். பிறகு கீழே குனிந்து, மண்ணுக்கும் சீமெந்துக்கும் இடையிலிருந்த உயரத்தைத் தன் சாணால் அளந்தான்.

"எவ்வளவு?" என்றான்.

"ஒன்பது அங்குலம் பதிவு."

"அப்ப கிளிநொச்சியில இருக்கிறது?"

"அதுதான் சரியான வளையம்."

"அப்ப என்ர கை?"

"கை சரி. நாடா பிழை. நாடாவைப் பிடிச்சது நான்."

அவன் தளத்தின் ஓரத்தில், நெல்லின் மேலேயே குந்திவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருசமா இந்த வளையத்தைத் தொட்டுப்போட்டு ஊருக்குள்ள என்ன நடை நடந்தனான் அக்கா! உங்களை உதைக்கவேணும்."

"பிறகு உதை. முதல் ஏணியைப் பிடி."

வளையத்தை உயர்த்துவது பெரிய வேலையில்லை. பரமலிங்கம் அண்ணை நாலு நட்டைக் கழற்றி, இரும்புக் கையை ஒன்பது அங்குலம் மேலே தள்ளி இறுக்கினார். பெரிய வேலை தளத்தில் கிடந்தது. வெயில் ஏறுகிற நேரம் காய்கிற நெல்லைக் குவி என்று எந்த விவசாயியிடம் போய்க் கேட்பது?

யோகலிங்கம் அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"இதுக்கோ இவன் நேற்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவன்?"

"ஓம் அண்ணை. என்ர பிழை."

"இவனும் ஒரு பேயன். வளையம் உயரமாக் கிடக்கு எண்டு தெரியாதோ?"

"ஸ்ரனிஸ்லஸ் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நெல் இழுக்கிற பலகையை எடுத்தார். வளையத்தின் பக்கமிருந்த பாதி நெல்லை இழுத்து, மற்றப் பாதியோடு சேர்த்துக் குவித்தார். நானும் கிருசாந்தனும் நெல்லை மூடுகிற படங்கைப் பிடித்தோம். "நாளைக்கு மழை வந்தால் செயலாளர்தான் பொறுப்பு," என்றார். வானத்தில் ஒரு துண்டு முகிலும் இல்லை.

அன்று பின்னேரம் கிருசாந்தன் புதிய உயரத்தில் எறிந்த முதல் பதினொரு பந்தும் முன் விளிம்பில் இடித்தன. பன்னிரண்டாவதுக்கு முன் பந்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். முழங்காலை வழக்கத்தைவிட இன்னும் மடித்து எழுந்து எறிந்தான். பந்து இன்னும் மேலே போய், நேரே கீழே இறங்கியது. வலை 'சர்' என்றது. பொழுது படும் முன் ஐம்பது எறிந்து இருபத்தாறு போட்டான். எம்பியும் பார்த்தான். எட்ட ஐந்து அங்குலம் குறைந்தது.

அந்தப் பின்னேரமே நான் சங்க மேசையில் உட்கார்ந்து நூற்றுப் பதினேழாவது கடிதத்தை எழுதினேன். வளையம் பிழையாக அளக்கப்பட்டதையும், அதற்குச் செயலாளராகிய நானே பொறுப்பு என்பதையும், இருநூற்று மூன்று என்ற எண்ணிக்கை ஒன்பது அடி மூன்று அங்குல வளையத்துக்கு உரியது என்பதையும், மேற்படி கிருசாந்தன் சரியான உயரத்திலுள்ள வளையத்தைத் தொடமாட்டார் என்பதையும் எழுதினேன்.

ஸ்ரனிஸ்லஸ் எட்டிப் பார்த்து வாசித்தான்.

"அக்கா, உங்களுக்கு விசரோ? அவா மறந்திருப்பா. நாங்களாப் போய் ஞாபகப்படுத்துறதோ? கிழிச்சு எறியுங்கோ."

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. பெயர் வராமல் போனால் இந்தக் கடிதத்தால்தான் போனது என்று யோகலிங்கம் அண்ணை காலம் முழுக்கச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒழுங்கையில் இருக்க வேண்டும். கடிதத்தைக் கிருசாந்தனிடம் கொடுத்தேன்.

"உன்ர விசயம். நீ வேண்டாம் எண்டா நான் குடுக்கேல்லை."

அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"குடுக்கத்தான் வேணும். ஞாயிற்றுக்கிழமை அவா என்னைக் கூப்பிட்டு, தம்பி ஒருக்காத் தொட்டுக் காட்டு எண்டா நான் என்ன செய்யிறது?" பிறகு கடைசி வரியில் விரலை வைத்தான். "ஆனா இதைத் திருத்துங்கோ. தொடமாட்டார் எண்டு எழுதாதேங்கோ. ஐந்து அங்குலம் குறைகிறது எண்டு எழுதுங்கோ."

திருத்தினேன்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன் சிவனேஸ்வரி மிஸ்ஸிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தின் நடுவில் செருகிவிட்டு, "ஆட்டத்துக்குப் பிந்தாதேங்கோ," என்றார். அன்று கிருசாந்தன் பதின்மூன்று எறிந்து ஆறு போட்டான். முல்லைத்தீவு அணியை நாலு புள்ளியால் வென்றோம். ஸ்ரனிஸ்லஸ் தன் ஊர்ப் பெடியளுக்கு முன்னால் நின்று, "என்னடாப்பா, வலையைக் கடலிலையே விட்டிட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டு அடிவாங்கப் பார்த்தான். கடிதத்தைப் பற்றி மிஸ் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாங்குளம் அணியோடு கடைசி ஆட்டம். கிருசாந்தன் பதினாலு எறிந்து ஒன்பது போட்டான். பிரீ த்ரோ எட்டில் ஏழு. விழாத பந்துகள் இப்போது ஒன்று பின் விளிம்பில், ஒன்று பக்கத்தில் என்று கலைந்து பட்டன. அதைப் பார்க்கவே எனக்கு நிம்மதியாக இருந்தது. விளையாடுகிற எல்லோரும் விடுகிற பந்துகள் அவை. ஆட்டத்தில் இரண்டு புள்ளியால் தோற்றோம். கிண்ணம் வவுனியாவுக்குப் போனது.

கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி யோகலிங்கம் அண்ணை நின்றார். பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்து வந்திருக்கிறார். உள்ளே வாருங்கோ என்று கைகாட்டினேன். வரமாட்டேன் என்று தலையாட்டினார்.

நாலு அணியும் திடலில் குந்தியிருக்க, சிவனேஸ்வரி மிஸ் பெயர்களை வாசித்தார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன். முதல் மூன்றும் வவுனியா. நாலாவது மாங்குளம். நம்பிக்கையைக் கடைசிப் பெயருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதுவரைக்கும் கை எழுதட்டும் என்று விட்டிருந்தேன். எட்டாவது பெயரை எழுதும்போது பக்கத்தில் ஸ்ரனிஸ்லஸ் என் தோளைப் போட்டு உலுக்கினான். பேனை தாளில் கீறிக்கொண்டு போனது.

"என்னடா? எழுத விடு."

"அக்கா, நீங்கள் என்ன எழுதினீங்கள் எண்டு பாருங்கோ!"

ஏழாவது இடத்தில் என் கையெழுத்தில் 'யோ. கிருசாந்தன் - ஆறாம் வாய்க்கால்' என்றிருந்தது.

வேலிப் பக்கம் பார்த்தேன். யோகலிங்கம் அண்ணை சைக்கிளை விழவிட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு பல்லைக் காட்டி நான் கண்டதில்லை. உடனே எனக்கு அகோரப் பசி வந்தது. காலையிலிருந்து ஒரு தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்ரனிஸ்லஸின் கையிலிருந்த பணிஸைப் பறித்துச் சாப்பிட்டேன்.

எல்லாம் முடிந்தபின் மிஸ் என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தின் நடுவிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். பிரித்து வாசித்த மடிப்புத் தெரிந்தது.

"உங்கட பெடியன் வளையம் தொடுவான் எண்டதை நான் அண்டைக்கே நம்பேல்லை," என்றார். "இஞ்சை வாற கழகங்களில முக்காவாசியின்ர வளையம் பதிவுதான். ஒராள் மண்ணில நிண்டு அளப்பார். ஒராள் வளையத்தைப் பூட்டின பிறகு நிலத்துக்குச் சீமெந்து போடுவார். ஆனா எத்தினை அங்குலம் எண்டு அளந்து எழுதித் தந்தது நீங்கள் ஒராள்தான்."

"மிஸ், அப்ப இந்தக் கடிதத்தாலயோ அவனை எடுத்தனீங்கள்?"

"கடிதத்துக்கு ஆர் பிள்ளை இடம் குடுக்கிறது? இதைப் பாருங்கோ."

தன் புத்தகத்தில் வியாழக்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். கிருசாந்தனின் பெயருக்கு நேரே பதினாலு சிறு கோடுகள் இருந்தன.

"பதினாலு பந்து விட்டவன். பதினாலு தரமும் திரும்பி ஓடிப்போய்த் தன்ர ஆளைப் பிடிச்சவன். ரெண்டு பந்து விட்ட உடனை தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கிற பெடியள்தான் கனபேர். ஆனா எறியத் தெரியாதவனைக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது? அதாலதான் பக்கத்தில இந்தக் கேள்விக்குறி போட்டனான். மூண்டு நாளில ரெண்டு, ஆறு, ஒன்பது எண்டு போனான். எப்பிடி எண்டு விளங்கேல்லை. உங்கட கடிதம் வாசிச்சாப் பிறகு விளங்கிச்சு. கேள்விக்குறியை வெட்டிப்போட்டன்."

வெட்டியிருந்தது. ஒரே கீறு, நேர் கோடு.

"ஒரு உதவி செய்யவேணும்," என்றார். "அடுத்த வருச லீக்குக்கு முதல் எல்லாக் கழகத்துக்கும் ஒரு கடிதம் போகவேணும். வளையத்தை எங்கை நிண்டு அளந்தனீங்கள் எண்டு கேட்டு. உங்கட கையெழுத்தில இருந்தாக் கோவிக்கமாட்டினம்."

"எழுதுறன் மிஸ்," என்றேன். எழுதத் தொடங்கவேண்டிய வசனம் அப்போதே தலைக்குள் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். திடல் வெறுமையாகிக்கொண்டிருந்தது. யோகலிங்கம் அண்ணை கடைசியில் உள்ளே வந்திருந்தார். வளையத்துக்குக் கீழே நின்று கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கிருசாந்தன் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பின்னால் போனான். ஓடிவந்து எம்பினான். விரல் நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. கால் ஊன்றி நின்றவன், தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளியை அளந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"சுதாக்கா! ஐஞ்சு இல்லை! நாலரை!"

எழுதிக்கொண்டேன்.